அமெரிக்க மசில் கார்களின் பின் அச்சுகள்

நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் மசில் கார்கள் எனப்படுகின்றன. 1964-இல் வெளிவந்த போண்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 1970-களின் முற்பகுதியில் இவற்றின் காலம் முடிவுற்றது. இக்கார்களில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் இறுதி உறுப்பு பின் அச்சு ஆகும். பழைய காரை மீட்டமைப்போர் இதனைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வலிமை குறைந்த அச்சு ஓட்டத்தின்போது உடையக்கூடும். பொருந்தாத அச்சு பணத்தை வீணாக்கும். மூல அச்சு இல்லாத கார் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு இழக்கும்.

அமைப்பு

புரொபெல்லர் ஷாஃப்ட் சுழலும்போது அதன் முனையிலுள்ள பினியன் என்னும் சிறிய பற்சக்கரம், கிரவுன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதனால் சுழற்சியின் திசை 90 பாகை திரும்புகிறது. கிரவுனுடன் இணைந்த டிஃபரன்ஷியல், வளைவுகளில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கிறது. அங்கிருந்து இரண்டு அச்சுத் தண்டுகள் சக்கரங்களை இயக்குகின்றன. அச்சுகள் பொதுவாகக் கிரவுனின் விட்டத்தாலோ மூடியிலுள்ள போல்ட்டுகளின் எண்ணிக்கையாலோ பெயர் பெறுகின்றன.

பற்சக்கர விகிதம்

கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். கிரவுனில் 41, பினியனில் 11 பற்கள் இருந்தால் விகிதம் 3.73 ஆகும். விகிதம் கூடினால் கார் விரைவாகப் புறப்படும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, 26 அங்குல விட்டமுள்ள டயருடன் நேரடி உயர் கியரில் மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது, 2.73 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2,100 முறை சுழலும். 4.10 விகிதத்தில் அது சுமார் 3,200 ஆகும்.

அச்சைப் பிரிக்காமலே விகிதத்தை அறியலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின் சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரண டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுழன்றால் அது லிமிடெட் ஸ்லிப் வகை. எனினும் உள்ளே தகடுகள் தேய்ந்திருந்தால் லிமிடெட் ஸ்லிப் வகையும் சாதாரண வகை போலவே நடந்துகொள்ளும். லிமிடெட் ஸ்லிப் வகையில் சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். சாதாரண வகையில் ஒரு சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றி எண்ண வேண்டும். லிமிடெட் ஸ்லிப் அமைப்பைச் செவ்ரோலே பாசிட்ராக்‌ஷன் என்றும், டாட்ஜ், பிளைமவுத் ஆகியவை ஷூர் கிரிப் என்றும் விற்றன.

முதன்மை வகைகள்

ஃபோர்டு 9 அங்குலம்: 1957 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்டது. இதன் பின்புறத்தில் கழற்றக்கூடிய மூடி கிடையாது; பற்சக்கரத் தொகுதி முழுவதும் முன்புறமாக வெளியே வரும். இதைப்போலவே தோன்றும் 8 அங்குல வகை வலிமை குறைந்தது. 8 அங்குலத்தில் தொகுதியைப் பிடித்துள்ள எல்லா நட்டுகளிலும் சாக்கெட்டை நேராக மாட்டலாம். 9 அங்குலத்தில் கீழுள்ள இரண்டு நட்டுகளுக்குச் சாதாரண ஸ்பேனர்தான் நுழையும். போல்ட்டில் தொங்கும் உலோகச் சீட்டில் 3 எல் 25 என்றிருந்தால், விகிதம் 3.25, லிமிடெட் ஸ்லிப் வகை என்று பொருள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 12 போல்ட்: பின்மூடியில் 12 போல்ட்டுகள் இருக்கும், கிரவுனின் விட்டம் 8.875 அங்குலம். கமாரோ, செவெல் போன்ற கார்களின் சக்திமிக்க வகைகளில் 1972 வரை பயன்பட்டது. டிரக்குகளுக்கும் 12 போல்ட் அச்சு உண்டு. அதன் பினியன் தண்டு கார் வகையைவிட மெலிந்தது. காரின் மூடி நீள்வட்டமாகவும் டிரக்கின் மூடி வட்டமாகவும் இருப்பதைக் கொண்டு வேறுபாட்டை அறியலாம்.

கிரைஸ்லர் 8.75 அங்குலம்: 1957 முதல் 1974 வரை வந்தது. இதிலும் தொகுதி முன்புறமாகக் கழலும். அதன் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 741, 742, 489 என்பவற்றுள் ஒன்றாக இருக்கும். 741 வகையின் பினியன் தண்டே மெலிந்தது.

டேனா 60: 9.75 அங்குலக் கிரவுனும் 10 போல்ட் மூடியும் கொண்ட கனமான அச்சு. நான்கு வேகக் கியருடன் வந்த ஹெமி எஞ்சின் கார்களில் இடம்பெற்றது. ஆகவே போல்ட்டுகள் குறைவு என்பதால் வலிமை குறைவு என்று முடிவு செய்யக் கூடாது.

குறியீடும் வார்ப்புத் தேதியும்

ஜெனரல் மோட்டார்ஸ் அச்சுகளில் விகிதத்தைக் காட்டும் எழுத்துக் குறியீடு பெரும்பாலும் வலப்புறக் குழாயின் முன்பக்கத்தில் குத்தப்பட்டிருக்கும். வார்ப்புத் தேதியில் ஏ முதல் எல் வரையுள்ள ஆங்கில எழுத்து மாதத்தையும், அடுத்த எண் நாளையும், கடைசி இலக்கம் ஆண்டையும் குறிக்கும். பி 14 9 என்பது 1969 பிப்ரவரி 14 ஆகும். அந்தக் கார் 1969 ஜனவரியில் கட்டப்பட்டதாக இருந்தால், அச்சு மூல அச்சு அன்று என்பது உறுதி. குத்திய எழுத்துகளைத் தேய்த்து மீண்டும் குத்தும் மோசடியும் உண்டு. எனவே குறியீடு, வார்ப்பு எண், தேதி மூன்றும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

கிடைக்கும் வழிகள்

வாகனக் காயலான் கடைகள், பழைய உதிரிபாகச் சந்தைகள், புதிதாகத் தயாரிக்கும் நிறுவனங்கள் ஆகிய மூன்றும் முதன்மை வழிகள். எந்தப் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்பதைத் தொகுத்துக் கூறும் ஹாலண்டர் கையேட்டை அமெரிக்கக் காயலான் கடைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. பென்சில்வேனியாவின் கார்லைல், ஹெர்ஷி ஆகிய ஊர்களின் சந்தைகள் புகழ்பெற்றவை. கரி, மோசர், ஸ்ட்ரேஞ்ச் ஆகிய நிறுவனங்கள் ஃபோர்டு 9 அங்குல அச்சைத் தேவையான அகலத்தில் புதிதாகச் செய்து தருகின்றன.

மூல அச்சு தேவையில்லாதோர் பிற்கால வாகனங்களையும் நாடுகின்றனர். 1970-களின் பிற்பகுதியில் வந்த லிங்கன் வெர்சேல்ஸ் காரின் 9 அங்குல அச்சு டிஸ்க் பிரேக்குடன் வந்ததால் முஸ்டாங் உரிமையாளர்கள் அதைத் தேடினர். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சும் இவ்வாறே பயன்படுகிறது. ஆனால் அதன் பினியன் நடுவில் இல்லாததால் பலர் நீளமான குழாயை வெட்டிக் குறைக்கின்றனர்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் அகலத்தை, ஒரு சக்கரத் தட்டிலிருந்து மறு சக்கரத் தட்டு வரை அளக்க வேண்டும். முஸ்டாங் காரின் அச்சே 1965, 1967, 1971 ஆகிய மாதிரி ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அகலங்களில் வந்தது. அடுத்து, சக்கர போல்ட்டுகளின் அமைப்பும் தொங்கலமைப்பும் பொருந்த வேண்டும். கமாரோ லீஃப் ஸ்பிரிங் கொண்டது, செவெல் சுருள் ஸ்பிரிங் கொண்டது. ஆகவே ஒன்றின் அச்சை மற்றதில் அப்படியே மாட்ட இயலாது.

பின்மூடியைக் கழற்றிப் பற்களில் உடைவு, எண்ணெயில் உலோகத் துகள், குழாயில் வளைவு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். செவ்ரோலே 12 போல்ட் வகையில் அச்சுத் தண்டை உள்முனையில் ஒரு சி வடிவக் கிளிப்பே பிடித்திருக்கிறது. தண்டு உடைந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடக்கூடும். ஃபோர்டு 9 அங்குலம், டேனா 60 ஆகியவற்றில் வெளிமுனைப் பேரிங் அருகே ஒரு தகடு தண்டைப் பிடித்திருப்பதால் இந்த ஆபத்து குறைவு. எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட நினைப்போர் அச்சின் விலையைப் பார்க்கும் முன் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது நலம்.