வெயிட் தூக்கும் காலுக்கு எந்த ஷூ?

ஷூக்கடையில் விற்பனையாளர் முதலில் செய்வது, குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டுவதுதான். “பாருங்க சார், பஞ்சு மாதிரி இருக்கு!” நடைக்கும் ஓட்டத்துக்கும் அந்தப் பஞ்சு நல்லது. தோளில் ராடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழப்போகிறவருக்கோ அதுதான் தொல்லை.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் தரையில் மோதுகிறது. அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் அடியில் தடித்த நுரை வைக்கிறார்கள். போட்டி போட்டுக்கொண்டு தடிமனைக் கூட்டியதில், சாலை ஓட்டப் பந்தயங்களில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2020இல் வரம்பே கட்டவேண்டி வந்தது. ராடோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இந்த மோதலே கிடையாது. பாதம் ஓரிடத்தில் பதிந்திருக்க, மேலிருந்து சுமை இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 80 கிலோவைத் தோளில் ஏற்றினால் அவருடைய பாதங்கள் தாங்குவது 150 கிலோ. நுரை அமுங்கும், அமுங்குவதும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது. உள்பக்கம் சற்று அதிகம் இறங்கினால் கணுக்கால் உள்ளே சாயும், முழங்காலும் அதன் பின்னாலேயே போகும். எழுந்து நிற்கச் செலவாகவேண்டிய பலத்தில் ஒரு பங்கு, சாயாமல் இருப்பதற்கே போய்விடும்.

ஆகவே வெயிட் தூக்குவதற்கு வாங்கும் ஷூ அடியில் அமுங்கக்கூடாது, பக்கவாட்டில் நழுவக்கூடாது, விரல்களை நெரிக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் போட்ட முதல் நாள் கொஞ்சம் கட்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அந்தக் கட்டைத்தனத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

இப்படிக் கெட்டியான அடி கொண்ட ஷூக்களில் இரண்டு வகை உண்டு: குதிகால் உயர்ந்தது, தட்டையானது.

பளுதூக்கும் மேடையில் நீங்கள் பார்ப்பது முதல் வகை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு ஆகட்டும், 2014, 2018 காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்ற வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் ஆகட்டும், மேடை ஏறுவது இந்த ஷூவோடுதான். முன்பாதத்தைவிடக் குதிகால் ஏறத்தாழ 15 முதல் 22 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். ஆழமாக உட்காரும்போது முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே வரவேண்டும்; அதற்குக் கணுக்கால் நன்றாக மடங்கவேண்டும். மடங்காவிட்டால் ஒன்று குதிகால் தரையைவிட்டு எழும், அல்லது முதுகு முன்னே கவிழும். பளுதூக்குதலின் ஸ்நாட்ச் முறையில் ராடு தலைக்கு மேல் நிற்கிறது. முதுகு கவிழ்ந்தால் ராடு நிற்குமா? உயர்ந்த குதிகால், கணுக்காலால் தரமுடியாத மடிப்பைக் கடனாகக் கொடுக்கிறது. முதுகு நிமிர்ந்தே இருக்கிறது.

உங்களுக்கு இது தேவையா என்று வீட்டுச் சுவரிலேயே பார்த்துவிடலாம். வெறுங்காலோடு, கால் கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்படி ஒரு காலை முன்வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட்டால் கணுக்கால் நல்ல நிலையில் இருக்கிறது. இந்தியக் கழிப்பறையில் குந்திப் பழகியவர்கள் பெரும்பாலும் இதில் தேறிவிடுவார்கள். நாள் முழுக்க நாற்காலியில் கழிக்கும் கால்கள்தான் தடுமாறும். இன்னொரு சோதனை ஜிம்மில் செய்யலாம்: வெறும் ராடோடு, இரண்டு குதிகாலுக்கும் அடியில் தலா ஒரு 2.5 கிலோ பிளேட்டை வைத்து ஸ்குவாட் போடுங்கள். உட்காருவது சட்டென்று எளிதாகிவிட்டால் குதிகால் உயர்ந்த ஷூ உங்களுக்குப் பயன்படும். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் செலவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: குதிகால் உயர்ந்தால் முழங்கால் அதிகம் முன்னே போகும், முன்தொடைக்கும் முழங்காலுக்கும் வேலை கூடும். ஏற்கெனவே முழங்கால் வலி இருப்பவர்கள் குறைந்த எடையில் பழகிப் பார்த்துவிட்டே ஏற்றவேண்டும்.

டெட்லிஃப்ட்டுக்கு இந்த ஷூ ஒத்துவராது. தரையிலிருந்து எடையை இழுக்கும்போது நாம் உயர்ந்து நின்றால் ராடு அவ்வளவு தூரம் அதிகம் பயணிக்கவேண்டும். குதிகால் உயர்ந்தால் உடம்பு விரல்களின் பக்கம் சாயும். ராடைத் தோளில் சற்றுக் கீழே இறக்கிவைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காரும் பவர்லிஃப்டிங் பாணி ஸ்குவாட்டுக்கும் பலர் தட்டையான அடியைத்தான் விரும்புகிறார்கள். பள்ளியில் பி.டி. பீரியடுக்காகச் சாக்பீஸ் தேய்த்துப் போட்டுப்போன வெள்ளை கேன்வாஸ் நினைவிருக்கிறதா? மெல்லிய, தட்டையான ரப்பர் அடி. டெட்லிஃப்ட்டுக்கு அது ஏறக்குறைய போதும். கூடைப்பந்துக்காக 1917இல் வந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டார் ஷூவை அமெரிக்கப் பவர்லிஃப்டர்கள் விடாமல் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். கேன்வாஸ் வாங்கும்போது உள்ளே தடித்த நுரை அட்டை இருந்தால் உருவி எடுத்துவிட்டு, மெல்லியதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வெறுங்காலோடு தூக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தட்டையான அடி என்ற அளவில் அது சரிதான்; பல ஜிம்களில் மாஸ்டர் விடமாட்டார் என்பது வேறு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இந்தப் பக்கமே போகவேண்டாம். சின்னக் காயம்கூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். சாதாரண ஷூ போட்டிருந்தாலும் காலில் விழும் பிளேட்டை அது தடுத்துவிடாது. அதற்கு ராடின் முனையில் கிளிப்பை ஒழுங்காக மாட்டுவதுதான் காப்பு.

அளவு பார்ப்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஜிம்முக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பாமல், பெரிய காலுக்கு வாங்குங்கள். ஓடும் ஷூவில் விரலுக்கு முன்னால் கணிசமாக இடம் விடச் சொல்வார்கள். இதில் அவ்வளவு வேண்டாம். நுனி இடிக்காமல், பாதம் முன்னும் பின்னும் நகராமல் இருந்தால் போதும். அகலம்தான் நம்மில் பலருக்குப் பிரச்சினை. வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்றிருக்கும். வெளிநாட்டு அச்சில் செய்த ஒடுங்கிய ஷூவில் சுண்டுவிரல் மடங்கிக்கொள்ளும். ஒரு எண் கூட்டி வாங்கினால் இது தீராது, குதிகால் லொடலொடக்கும். அகலமான வேறு மாடலைத் தேடுங்கள். லேஸைக் கட்டி, ஸ்ட்ராப்பை இழுத்துவிட்டு, கடையிலேயே கூச்சப்படாமல் ஐந்தாறு தடவை உட்கார்ந்து எழுங்கள். குதிகால் உள்ளே எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம். ஷூவைக் கையிலெடுத்துத் துணி பிழிவதுபோல முறுக்கியும் பாருங்கள். விரல் மடியும் இடத்தில் வளையலாம், நடுவில் முறுக்கிக்கொள்ளக்கூடாது.

டிரெட்மில்லில் ஓடிவிட்டு, கொஞ்சம் டம்பெல், கொஞ்சம் ஸ்குவாட் என்று போகிறவர்களுக்குக் கிராஸ் டிரெய்னிங் ஷூ என்ற நடுவழி இருக்கிறது. எதிலும் உச்சம் கிடையாது, எதிலும் பெரிய குறையும் கிடையாது. ஜிம்மில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்கு இதுவோ கேன்வாஸோ போதும் என்பது என் கருத்து.

குதிகால் எதில் செய்தது என்பதையும் கேளுங்கள். பழைய பாணியில் மரமோ அடுக்கிய தோலோ இருக்கும். கெட்டி, ஆனால் ஈரத்தைக் கண்டால் ஆகாது. இன்று பரவலாக வருவது டி.பி.யு. என்ற கெட்டிப் பிளாஸ்டிக். சென்னை வியர்வைக்கு இதுதான் தோது. மலிவான மாடல்களில் ஈ.வி.ஏ. நுரையை இறுக்கிச் செய்கிறார்கள். எடை ஏற ஏற, நாளாக ஆக அது அமுங்கும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஷூவைத் தள்ளுபடியில் வாங்கி, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றே அதைச் சிதைத்துவிடும். வெளியே எடுக்கும்போது அடி பொடிப்பொடியாக உதிரும்.

வெயிட் தூக்கும் ஷூவோடு தெருவில் நடக்கவேண்டாம். மணல் ஒட்டினால் மேடையில் வழுக்கும், அடியும் ஒருபக்கமாகத் தேயும். தூக்கி முடித்ததும் உள் அட்டையை வெளியே எடுத்து ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும்.