கோடையில் வந்த கிறிஸ்துமஸ்

இங்கிலாந்தில் டிசம்பர் 25 அன்று மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். ஆகவே அங்குக் கிறிஸ்துமஸ் என்பது கணப்படுப்பைச் சுற்றிக் கூடும் விழா. வறுத்த வான்கோழியும், மணிக்கணக்கில் வேகும் பழப் புட்டிங்கும் அக்குளிருக்கென்றே அமைந்தவை. இவ்விழாவை மூட்டை கட்டிக்கொண்டு, டிசம்பரில் கோடை கொளுத்தும் நாட்டில் போய் இறங்கினால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியாவில் குடியேறிய 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டானியர்கள் இதை அனுபவித்தே அறிந்தார்கள்.

குடியேற்ற உதவித் திட்டத்தின்படி வயது வந்தோருக்குக் கப்பல் கட்டணம் 10 பவுன் மட்டுமே. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் ஊர் திரும்புவோர், அரசு ஏற்ற கட்டணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திரும்பும் செலவும் அவர்களுடையதே. முதல் கிறிஸ்துமஸ் பலருக்குக் கசந்ததற்கு வெயிலைவிட இந்தக் கணக்கே காரணம் என்று தோன்றுகிறது. பெற்றோர் பூமியின் மறுபுறம். தொலைபேசிக் கட்டணமோ கைக்கு எட்டாதது.

பல குடும்பங்களின் முதல் இருப்பிடம் தகரக் கொட்டகை விடுதி. பொது உணவுக்கூடத்தில்தான் சாப்பாடு. எனவே சொந்தச் சமையலறை வாய்த்த முதல் டிசம்பரில், வெளியே வெப்பம் 38 பாகையைத் தாண்டினாலும், வீட்டுத்தலைவி அடுப்பை மூட்டி வான்கோழியை வறுத்தாள். அதைப் பிடிவாதம் என்று நகைப்பது எளிது.

மெல்ல மெல்ல விழா வாசலைத் தாண்டி வெளியே வந்தது. மெல்பர்னில் வானொலி அறிவிப்பாளர் நார்மன் பேங்க்ஸ் 1938இல் தொடங்கிய மெழுகுவர்த்திப் பாடல் இரவு, கோடைக்கென்றே பிறந்த வழக்கம். சாளரத்தருகே மெழுகுவர்த்தியுடன் தனியே அமர்ந்து வானொலியில் கிறிஸ்துமஸ் பாடல் கேட்டிருந்த ஒரு மூதாட்டியைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். தனிமையில் இருப்போரை ஒரு பூங்காவில் ஒன்றுசேர்க்க அவர் எண்ணினார். உணவும் மாறியது. வறுவலின் இடத்தில் குளிர்ந்த பன்றித்தொடையும் இறாலும், இனிப்புக்குப் பாவ்லோவாவும் வந்தன. சிட்னி மீன் சந்தை பண்டிகைக்கு முன் 36 மணி நேரம் இடைவிடாது விற்பனை நடத்துவது பெயர்பெற்றது. வாழ்த்து அட்டைகளில் மட்டும் பனி தொடர்ந்து பெய்தது. பனியையே காணாத பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் வியப்பு!

புட்டிங்கை மட்டும் பலர் விடவில்லை. அதனுள் வெள்ளி நாணயம் வைத்து வேகவைப்பது மரபு. யாருடைய துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு நல்லூழ். 1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா தசம நாணயத்துக்கு மாறியபோது இதற்கு ஓர் இடர் நேர்ந்தது. புதிய செப்பு-நிக்கல் சில்லறை புட்டிங்கோடு வெந்தால் நிறம் மாறும் என்று வீடுகளில் அதை ஒதுக்கினர். பழைய மூன்று பென்னிக் காசுகளுக்கு அன்று முதல் ஒரு தனி மதிப்பு. விருந்து முடிந்ததும் பாட்டி மேசையைச் சுற்றி வருவார். காசு கிடைத்த பிள்ளையிடம் அதை வாங்கிக்கொண்டு, கடையில் செல்லும் நாணயத்தைக் கையில் வைப்பார். பழைய காசுகள் கழுவித் துடைக்கப்பட்டு, அடுத்த டிசம்பர் வரை அலமாரியில் உறங்கும்.