டாக்டர் சொன்னதும் கணினி எழுதியதும்

நியூயார்க்கில் பொழுது சாயும் நேரத்தில் பெங்களூருவில் விடிகிறது. இரு ஊர்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். 1990களில் இந்த இடைவெளியே ஒரு தொழிலாயிற்று. அமெரிக்க டாக்டர் அன்றைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ஃபோனில் பேசிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். அந்தக் குரல் பெங்களூருவில் ஹெல்த்ஸ்கிரைப் போன்ற நிறுவனங்களுக்கு வந்து சேரும். ஹெட்ஃபோன் மாட்டிய இளைஞர்கள் காலால் பெடலை மிதித்து ஒலியை ஓட்டியும் நிறுத்தியும் டைப் செய்வார்கள். மறுநாள் டாக்டர் வரும்போது அறிக்கை தயாராக இருக்கும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற இந்தத் தொழிலில் 65 எழுத்து ஒரு வரி, கூலி வரிக்கணக்கில்.

காதுக்கு இது சோதனையான வேலை. அன்றைய ஃபோன் இணைப்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடும். ‘ஸ்’, ‘ஃப்’ இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலியில் பெரும்பங்கு அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. சொல் விளங்காவிட்டால் ஊகித்து எழுதக்கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, குறியிட்டு, மூத்தவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும்.

பிறகு கணினியே பேச்சை எழுத்தாக்கத் தொடங்கியது. இந்தக் கதையின் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சறிதல் ஆய்வை வளர்த்தெடுத்தார். 1994இல் டூரிங் விருது பெற்றார். அவருடைய மாணவர் ஜேம்ஸ் பேக்கர், மனைவி ஜேனட்டுடன் 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகப் பேசினாலே எழுதிக்கொள்ளும் அவர்களுடைய மென்பொருள் 1997இல் வந்தது.

கணினி எப்படிக் கேட்கிறது? மைக்கில் விழும் ஒலியை நொடிக்கு 16,000 முறை அளக்கிறது. அதை நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கலாம் என்று நிகழ்தகவு போடுகிறது. அது மட்டும் போதாது. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்த பழக்கத்தால், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்றும் கணிக்கிறது. இன்றைய நரம்பு வலைப்பின்னல்கள் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கின்றன. முடிவில் திரையில் தெரிவது, அந்த ஒலிக்கு மிகவும் பொருந்தக்கூடியதாகக் கணினி கருதும் சொல்தொடர்.

இந்தக் கணிப்பு தடுமாறும் இடங்களும் உண்டு. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் பேசுவதில் சிரமம். வித்தியாசம் ஒரே ஒரு மெய்யொலி. டாக்டர் அந்தச் சொல்லுக்கு அருகில் ‘திட உணவு’ என்று சொல்லியிருந்தால் கணினி முதலாவதைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்துவிடும். ஆனால் பக்கவாத நோயாளிக்கு இரண்டும் வரலாம். சூழலை நம்பிச் சொல்லைத் தேர்வதற்கு அங்கே வழியில்லை. அப்போதும் கணினி இரண்டில் ஒன்றை எழுதும். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதும். அதனால்தான் படிக்கிறவர் கண்ணில் அது உறுத்துவதில்லை.

இத்தகைய பிழைகளை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இரண்டு மருத்துவ அமைப்புகளிலிருந்து 217 குறிப்புகளை எடுத்து ஆராய்ந்த ஒரு குழு, 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் முடிவுகளை வெளியிட்டது. கணினி மட்டும் எழுதியபோது நூறு சொல்லுக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷன் ஊழியர் திருத்திய பிறகு 0.4. டாக்டர் படித்துக் கையெழுத்திட்ட பிறகு 0.3. பிழை குறைந்ததில் பெரும்பங்கு அந்த ஊழியரின் காதுக்குச் சேர வேண்டியது.

புதிய மென்பொருள்கள் இன்னும் திறமையானவை. ஆனால் அவற்றுக்குப் புதிய கோளாறு ஒன்று வந்திருக்கிறது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பயின்று 2022இல் வெளியான விஸ்பர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள், நூற்றில் ஏறக்குறைய ஒரு பதிவில் யாரும் பேசாத சொற்றொடர்கள் முளைத்திருந்ததை 2024இல் காட்டினார்கள். பேச்சுக்கு இடையில் மௌனம் நீளும் பதிவுகளில் இது கூடுதல். பெங்களூரு ஊழியர் காலியாக விட்டிருக்கக்கூடிய இடத்தைக் கணினி கற்பனையால் நிரப்பிவிடுகிறது.

இந்திய மருத்துவமனைக்கு வந்தால் சிக்கல் வேறு. பெங்களூருவின் மைக்ரோ லேப்ஸ் தயாரிக்கும் டோலோ 650 என்ற காய்ச்சல் மாத்திரை இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அமெரிக்க டாக்டர்களின் பேச்சில் மட்டும் பயின்ற கணினிக்கு, அதே மருந்தின் அமெரிக்கப் பெயரான டைலினால் தெரியும். டோலோவை வேறு ஏதோ சொல்லாக மாற்றிவிடக்கூடும். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை எழுதுவதோடு நிற்காமல், இப்போது நோயாளியுடன் நடக்கும் உரையாடலையே கேட்டுக் குறிப்பெடுக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. பெங்களூருவில் ஒரே வரிசையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் காத்திருக்கும். இத்தகைய பலமொழிப் பேச்சைக் கணினிக்குப் பழக்குவதற்காக, அங்கேயுள்ள இந்திய அறிவியல் கழகம் ஆர்ட்பார்க் என்ற ஆய்வு அமைப்புடனும் கூகுளுடனும் சேர்ந்து நடத்தும் வாணி திட்டம், 773 மாவட்டங்களிலிருந்து 1,50,000 மணி நேரத்துக்கும் அதிகமான பேச்சைச் சேகரிப்பதை இலக்காகக் கொண்டது. படங்களைக் காட்டி, பார்த்ததைச் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்கிறார்கள்.

தரவு பெருகப் பெருகப் பிழை குறையும். ஆனால் சந்தேகத்தை வெளியே சொல்லும் பழக்கம் தரவால் மட்டும் வராது. ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு உறுதியோடு எழுதினோம் என்பதற்குக் கணினிக்குள் ஒரு மதிப்பெண் இருக்கிறது. அது எப்போதும் நம்பத்தக்கதல்ல; ஆனாலும் உறுதி குறைந்த சொற்களை நிறம் மாற்றிக் காட்டினால் கையெழுத்திடும் டாக்டரின் கண் அங்கே நிற்கும். நோயாளியின் பக்கமும் செய்யக்கூடியது உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் மருந்தின் பெயர், அளவு, இடமா வலமா, ஒவ்வாமை ‘உண்டு’ என்றிருக்கிறதா ‘இல்லை’ என்றிருக்கிறதா என்று மட்டுமாவது படித்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள்.