நம் வீட்டு வெள்ளி ரூபாய் – அச்சும் புள்ளியும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பையில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் நாலைந்தாவது இருக்கும். பூஜை அறையில் இருக்கும். இல்லாட்டி பீரோவில் துணி முடிச்சில் கிடக்கும். கல்யாணம், படிப்பு என்று நெருக்கடி வந்தால் அது ஜவேரி பஜாருக்குப் போகும். தராசுக்கு விக்டோரியாவும் ஒன்றுதான், ஜார்ஜும் ஒன்றுதான். விற்பது தப்பில்லை, எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும்.

முதலில் எடையும் தரமும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம் வரும். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல். பூப்பக்கத்தில் புலி நிற்கும். உருக்குகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். சேகரிப்பவருக்கு இங்கேதான் வேலை ஆரம்பம்.

அச்சு வேறுபாடு எப்படி வருகிறது? நாணயத்தை எஃகு அச்சுகள் இரண்டுக்கு நடுவில் வைத்து அடிக்கிறார்கள். அச்சு தேயும், விரியும். புது அச்சு செய்யும்போது எழுத்தின் அளவு, கிரீடம், உடையின் பூவேலை சற்றே மாறிவிடும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் புரியும். இவற்றைப் பிரித்து வரிசைப்படுத்தியவர் மேஜர் பிரிட்மோர். அவருடைய இந்திய நாணயப் பட்டியலை இன்றைக்கும் வியாபாரிகள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அடுத்து, எந்த ஊர்க் காசு என்பது. சென்னைத் தங்கசாலை 1869இல் மூடப்பட்டது. அதன் பிறகு நம் தெற்கத்தி ஊர்களில் புழங்கிய ரூபாய் கல்கத்தாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்ததுதான். கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே இன்றும் இருக்கிறதே, அந்த நாணயசாலை அடித்த காசு திருநெல்வேலிப் பாட்டியின் முடிச்சில் இருந்தால் ஆச்சரியமில்லை. விக்டோரியா பேரரசி காலத்து ரூபாயில் பூப்பக்கத்தின் அடியில் சின்னதாக ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது பம்பாய். சிலதில் மேடாக இருக்கும், சிலதில் பள்ளமாக இருக்கும். இரண்டும் தனித்தனி ரகம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் எழுத்துக்குப் பதில் தாமரைப் பூவின் கீழ் ஒரு புள்ளி. கல்கத்தா ரூபாயில் பெரும்பாலும் குறியே இருக்காது.

1862 ரூபாய்தான் இதில் சுவையானது. "1862தானே, ஊரெல்லாம் கிடைக்குமே" என்று சொல்றாங்க. உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே பல வருஷம் அடித்தார்கள்; 1874இல்தான் புது எண் வந்தது. இடையில் பம்பாய்க்காரர்கள் ஆண்டு எண்ணின் அருகே மேலும் கீழும் புள்ளிகள் வைத்தார்கள். அடித்த வருஷத்தை அறியவே அந்தப் புள்ளிகள் என்பது நாணயவியலார் முடிவு. ஆகையால் ஒரே 1862இல் சாதாரணமும் உண்டு, அரியதும் உண்டு.

1911 ரூபாயையும் கவனியுங்கள். அரசர் மார்பில் தொங்கும் விருதில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரித் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 1912இல் யானையைத் திருத்தினார்கள். வெளிவராத காசை உருக்கினார்கள்.

1939 வெள்ளி ரூபாய் மிக அரிது. போலியும் அதற்குத் தக்கபடி அதிகம். 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கலாம். அந்த எண்ணைச் சுற்றிலும் லென்ஸில் பாருங்கள், எடையும் போடுங்கள். சந்தேகம் என்றால் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். காசைப் புளி, சாம்பல், பல்பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், அச்சின் நுணுக்கமும் மதிப்பும் போகும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நூறு வயது கடந்த நாணயம் தொல்பொருள்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது.

உங்கள் வீட்டு முடிச்சை ஒருமுறை அவிழ்த்து, வெளிச்சத்தில் வைத்து, ஆண்டு, குறி, புள்ளி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். உருகின காசை யாராலும் திரும்ப அடிக்க முடியாது.