ஒரே மைக், மூன்று விதக் காது!

விழா மேடையில் பேச வருகிறவர் முதலில் மைக்கை "டொக் டொக்" என்று தட்டுவார், பிறகு ஊதுவார். மேடை மைக்குகளில் பல அதைத் தாங்கும். ரிக்கார்டிங் ஸ்டூடியோவில் உள்ள கண்டென்சர் மைக்கை ஊதினால், என்ஜினீயர் பதறிக்கொண்டு ஓடி வருவார்.

காரணம், அதற்குள் இருக்கும் சவ்வு. தங்கம் பூசிய பிளாஸ்டிக். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைத் தொடாமல், மிக அருகில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம். குரல் பட்டுச் சவ்வு அசைந்தால் இடைவெளி மாறும். அந்த மாற்றமே மின் ஒலியாகிறது.

ஒரே சவ்வு வைத்துப் பின்பக்கத்தை அடைத்துவிட்டால், எல்லாத் திசையிலிருந்தும் வரும் சத்தத்தை மைக் வாங்கிக்கொள்ளும். பாட்டோடு, பின்னால் இருப்பவரின் இருமலும் பதிவாகும்.

இதற்கு வழி கண்டவர்கள் ஜெர்மன் வானொலியில் வேலை பார்த்த பிரவுன்மியூல், வெபர் என்ற இரு என்ஜினீயர்கள். 1935ல் அவர்கள் வெளியிட்ட அமைப்பில், துளையிட்ட தகட்டின் முன்னால் ஒரு சவ்வு, பின்னால் ஒரு சவ்வு. மிருதங்கம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிருதங்கத்தில் வலந்தலை வேறு, தொப்பி வேறு; இங்கே இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

முதலில், முன் சவ்வுக்கு மட்டும் மின்னழுத்தம். பின்னாலிருந்து வரும் இருமல் இரண்டு வழியாக முன் சவ்வை அடைகிறது. ஒன்று, பின் சவ்வைத் தள்ளித் துளைகளின் காற்று வழியே. மற்றொன்று, மைக்கைச் சுற்றிக்கொண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் இருபுறமும் அழுத்தினால் சவ்வு எப்படி அசையும்? இருமல் அடங்கிவிடும்! துளைகள் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று கணக்கிட்டு, இரு வழித் தாமதத்தையும் சமப்படுத்துவதில்தான் சாமர்த்தியமெல்லாம்.

பின் சவ்வுக்கும் அதே அழுத்தம் கொடுத்தால் நாலாபுறமும் கேட்கும். நேர் எதிரான அழுத்தம் கொடுத்தால் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. வானொலி நாடகத்தில் இரு நடிகர்கள் எதிரெதிரே நின்று பேச இது வசதி. மைக்குக்கு நேர் மேலே சுற்றும் மின்விசிறியின் இரைச்சலும் பெரும்பாலும் விழாது. எல்லாம் ஒரு சுவிட்சில்!

நாலாபுறமும் கேட்கும் வேலைக்கு மட்டும் ஒற்றைச் சவ்வு மைக்கே மேல். இரட்டைச் சவ்வில் கீச்சென்ற ஒலிகள் பக்கவாட்டில் சற்று மங்கும்.

பெர்லினில் 1928ல் ஜார்ஜ் நாய்மான் தொடங்கிய கம்பெனி இந்த மைக்குகளுக்குப் பேர்போனது. 1943ல் குண்டுவீச்சில் தொழிற்சாலை சேதமானது. தொழில் கெஃபெல் என்ற சிற்றூருக்குப் போயிற்று. போருக்குப் பின் நாய்மான் பெர்லினில் மறுபடி தொடங்கி, 1949ல் யு 47 மைக்கைக் கொண்டுவந்தார்.

அதன் சவ்வு பி.வி.சி. பல ஆண்டுகளில் அது காய்ந்து விறைத்துவிடும். பழைய மைக்குக்குப் புதுச் சவ்வு கட்டுகிறவர் இரு பக்கமும் ஒரே இழுப்பில் வரும்வரை விடமாட்டார். ஒரு பக்கம் தளர்ந்தால் போதும், பின்னால் இருமுகிறவர் மறுபடி ரிக்கார்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்.