500 டாலர் வியாபாரத்தைக் கடைக்காரர் ஏன் வேண்டாம் என்கிறார்?

அமெரிக்காவில் பெட்ரோல் பங்கை ஒட்டியிருக்கும் சின்னக் கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்துக் கொக்கிகளில் கிஃப்ட் கார்டுகள் தொங்கும். அமேசான், ஆப்பிள், விசா எனப் பல வகை. அவற்றுக்கு மேலேயே பல கடைகளில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கும்: கிஃப்ட் கார்டுக்கு ரொக்கம் அல்லது டெபிட் கார்டு மட்டும். ஒரு காபியைக் கிரெடிட் கார்டில் வாங்கலாம், 500 டாலர் கார்டை வாங்க முடியாது. வந்த வியாபாரத்தைக் கடைக்காரரே திருப்பி அனுப்புகிறார்.

காரணம் கமிஷன். கிரெடிட் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடை ஒரு கட்டணம் செலுத்துகிறது. சிறு கடைகளுக்கு அது சுமார் 2 விழுக்காடு. 500 டாலருக்கு 10 டாலர் ஆயிற்று. 500 டாலர் விசா கார்டை விற்பதில் என்ன வருகிறது? கார்டின் மதிப்புக்கு மேல் வாங்குபவர் கொடுப்பது சுமார் 6 முதல் 8 டாலர். அதையும் கார்டை வெளியிட்ட வங்கி, கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம், கடை என்று பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆக, கிரெடிட் கார்டில் விற்கும் ஒவ்வொரு கார்டுக்கும் கடைக்காரர் தன் கையிலிருந்துதான் போடுகிறார். கமிஷனைப் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளும் பெரிய சங்கிலிக் கடைகள் இதைத் தாங்கும். இரவு பகலாகக் கடையைத் திறந்து வைத்திருக்கும் ஒற்றைக் கடைக்காரர் தாங்கமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் கடை கடையாகப் போய்க் கிரெடிட் கார்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது ரிவார்டு புள்ளிகளை. இதற்கு அங்கே 'மேனுஃபாக்சர்டு ஸ்பெண்டிங்' என்று பெயரே உண்டு. தேவைக்காக இல்லாமல், புள்ளிக்காகவே உண்டாக்கிய செலவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிட்டி வங்கியின் கஸ்டம் கேஷ் கார்டு, ஒரு பில் மாதத்தில் அதிகம் செலவழித்த வகைக்கு முதல் 500 டாலர் வரை 5 விழுக்காடு திருப்பித் தருவது. தகுதியுள்ள வகைகளில் பெட்ரோல் பங்கும் ஒன்று. பங்கின் கடையில் 500 டாலர் விசா கார்டை வாங்கினால் 25 டாலர் திரும்பி வரும். கார்டுக்குக் கொடுத்த மேல்தொகை 7 டாலர் என்றால் மிச்சம் 18. அந்தக் கார்டைக் காசாக்க மணி ஆர்டர் எடுத்தால் சுமார் ஒரு டாலர் போகும். கையில் நிற்பது 17 டாலர், ஒரு மாதத்துக்கு.

வாங்கியது பெட்ரோல் இல்லையே, வங்கி எப்படிப் புள்ளி தருகிறது? பெரும்பாலான சமயம் வங்கிக்குப் போய்ச் சேருவது மொத்தத் தொகையும், எந்த வகைக் கடை என்று சொல்லும் நான்கு இலக்கக் குறியீடும் மட்டும்தான். மளிகைக்கடைக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, மருந்துக்கடைக்கு 5912. பைக்குள் போனது பாலா, பிஸ்கட்டா, கிஃப்ட் கார்டா என்று அந்தக் குறியீடு சொல்லாது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கடைகளில் ஒன்று பெட்ரோல் பங்காகவும் மற்றொன்று பலசரக்குக் கடையாகவும் பதிவாகியிருக்கலாம். அப்போது வரும் புள்ளியும் மாறும். சில கடைகள் வாங்கிய பொருளின் விவரத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன. அங்கே இந்த வித்தை நடக்காது.

கார்டைக் காசாக்குவதுதான் கடினமான பகுதி. அமெரிக்காவில் விசா கிஃப்ட் கார்டுக்கு ரகசிய எண் வைத்து டெபிட் கார்டு போலப் பயன்படுத்தலாம். அதனால் டெபிட் மட்டும் வாங்கும் மணி ஆர்டர் கவுண்டரில் அதை நீட்டி, வந்த மணி ஆர்டரை வங்கியில் போட்டு, அந்தப் பணத்தாலேயே கிரெடிட் கார்டு பில்லைக் கட்டிவிடுவார்கள். பணம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது, புள்ளி மட்டும் தங்கிவிட்டது. இந்தச் சுற்றைக் கண்டுகொண்ட பல கடைகள் மணி ஆர்டருக்குக் கிஃப்ட் கார்டை இப்போது ஏற்பதில்லை.

கிஃப்ட் கார்டுக்கு முன்னால் இந்த இடத்தில் நாணயம் இருந்தது. அமெரிக்க அதிபர்களின் உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயங்களை வெளியிட 2005-இல் சட்டம் வந்தது. மக்கள் புழக்கத்தில் அவை எடுபடவில்லை. எப்படியாவது பரவட்டும் என்று அரசு நாணயச்சாலை முகமதிப்புக்கே, அனுப்பும் செலவும் வாங்காமல், வீட்டுக்கே அனுப்பியது. கிரெடிட் கார்டையும் ஏற்றது. பெட்டி பெட்டியாக வாங்கிய சிலர், பிரிக்காமலே வங்கியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு விமான மைல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2011 ஜூலையில் நாணயச்சாலை கிரெடிட் கார்டை நிறுத்தியது. அடுத்து 2012-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் வால்மார்ட்டும் சேர்ந்து புளூபேர்ட் என்ற கணக்கைக் கொண்டுவந்தன. கிஃப்ட் கார்டுப் பணத்தை அதில் ஏற்றிப் பில் கட்ட முடிந்தது. 2016 ஜனவரியில் ஏராளமான கணக்குகளில் பணம் ஏற்றும் வசதி மூடப்பட்டது. ஒவ்வொரு வாசலாக இப்படித்தான் அடைபட்டது.

வரித்துறையும் இதைத் தொட்டது. 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 60 லட்சம் டாலருக்கு மேல் இப்படிச் சுழற்றி, 3 லட்சம் டாலருக்கு மேல் ரிவார்டு ஈட்டிய ஒரு தம்பதியின் வழக்கில் 2021-இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிஃப்ட் கார்டு வாங்கியதில் வந்தது விலைத் தள்ளுபடி, வருமானம் அல்ல, அதற்கு வரி இல்லை. ஆனால் கிரெடிட் கார்டால் நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதிலும், டெபிட் கார்டில் பணம் ஏற்றியதிலும் வந்த ரிவார்டு வருமானமே. கிஃப்ட் கார்டு ஒரு பொருள், மணி ஆர்டர் பணமேதான் என்ற நுணுக்கமான கோட்டை நீதிமன்றம் அங்கே கிழித்தது.

சட்டம் அனுமதித்தாலும் வங்கி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் விதிகளிலேயே, பணத்துக்குச் சமமானவற்றை வாங்கினால் ரிவார்டு கிடையாது என்று எழுதியிருக்கிறது. கொடுத்த புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், கணக்கையே மூடுவதும் நடக்கிறது. வாராவாரம் கட்டுக்கட்டாக மணி ஆர்டர் கொண்டுவந்து போடுகிறவரைப் பார்த்தால், கறுப்புப் பணத்தை வெளுக்கிறாரோ என்றுதான் வங்கிக்கு முதலில் தோன்றும். விளக்கம் சொல்லும் வாய்ப்புக்கூட இல்லாமல் கணக்கு முடிந்துபோகலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் ஒரு கடையில் பொருள் வாங்கப்போகிறீர்கள், அந்தக் கடையின் கார்டை வேறிடத்தில் வாங்கினால் கூடுதல் புள்ளி வரும் என்றால், தாராளமாக வாங்கலாம். அது சிக்கனம். மாதம் 17 டாலருக்காக நாலு கடை ஏறி இறங்குவதில் பெட்ரோலும் நேரமும் கரைகின்றன. பில்லை முழுதாகக் கட்டத் தவறினாலோ நிலைமை மோசம். அமெரிக்கக் கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல். 500 டாலரை இரண்டு மாதம் இழுத்தடித்தால் அந்த 17 டாலரும் வட்டியிலேயே போய்விடும். கடனைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

வாங்குகிறவர்கள் உறையைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். திருடர்கள் கொக்கியிலிருந்து கார்டுகளை எடுத்துப்போய், எண்ணைக் குறித்துக்கொண்டு, உறையை ஒட்டி மறுபடி தொங்கவிட்டுவிடுகிறார்கள். யாராவது காசு கொடுத்து அதைச் செயல்படுத்திய அடுத்த நொடியே பணம் காலி. ஒட்டுப் பிரிந்திருந்தால், உறை கசங்கியிருந்தால், வேறொன்றை எடுங்கள். கடைசி டாலர் செலவாகும் வரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் புகார் நிற்காது.

நிறைய கார்டுகளை வாங்கினால் கல்லாவில் இருப்பவர், யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பார். புள்ளி சேர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டும். வரி பாக்கி, பேரன் சிறையில் என்றெல்லாம் சொல்லி ஏமாற்றி, மக்களைக் கிஃப்ட் கார்டு வாங்கவைத்து எண்ணைப் படிக்கச் சொல்லும் கும்பல்களிடம் 2023-இல் மட்டும் 21.7 கோடி டாலர் போனதாக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்குப் புகார்கள் வந்தன. வரிசையில் நிற்கும் அடுத்த பாட்டி காதில் போனை வைத்தபடியே நான்கு கார்டுகளை நீட்டக்கூடும் என்பதால்தான் கல்லாவில் இருப்பவர் எல்லோரிடமும் கேட்கிறார்.