எஞ்சினை மாற்றினால் எந்த ஆக்சிஜன் சென்சார்?

வேறொரு வண்டியின் எஞ்சினைத் தங்கள் வண்டிக்குள் இறக்குபவர்களுக்குக் கடைசியில் எழும் கேள்வி இது: புகைக்குழாயில் பழைய ஆக்சிஜன் சென்சாரை மாட்டுவதா, புது எஞ்சினோடு வந்ததை மாட்டுவதா? எஞ்சினைப் பார்த்து இதை முடிவு செய்யவே கூடாது என்பேன். பெட்ரோலை அளந்து ஊற்றப்போகிற எஞ்சின் கணினி, அதாவது இ.சி.யூ., எதுவோ, அதற்குப் பழகிய சென்சார்தான் வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘யுனிவர்சல்’ என்று அச்சிட்டிருப்பதால் இது மாறிவிடாது. நுனியில் கனெக்டர் இல்லை, வெட்டி இணைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பெரிய பொருள் கிடையாது.

காரணம் சென்சாருக்குள் இருக்கும் பீங்கான். யிட்ரியா கலந்த சிர்கோனியா நன்றாகச் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகளுக்கு வழிவிடத் தொடங்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை, இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. இரு பக்க ஆக்சிஜன் அழுத்தங்களின் விகிதம் மின்னழுத்தமாகிறது, ஆனால் மடக்கைக் கணக்கில். அழகே அங்கேதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைக் கலவை பெட்ரோல் மிகும் பக்கமாகக் கடக்கும்போது, மிஞ்சிய ஆக்சிஜனைப் பிளாட்டினம் எரித்துத் தீர்க்க, அதன் அழுத்தம் கோடி கோடி மடங்குக்கும் மேல் சரிகிறது. அவ்வளவு பெரிய வீழ்ச்சியை மடக்கை 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு ஏறும் ஒரே படியாகச் சுருக்கித் தருகிறது. இந்த மடக்கைக் கணக்கின் சமன்பாட்டை வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் 1889இல் தந்தார். போஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ கார்களில் 1976இல் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இந்தச் சென்சார் சாம்பாரை ருசி பார்த்து ‘உப்பு கூட’, ‘உப்பு குறைவு’ என்று மட்டும் சொல்பவர். எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. சமையல்காரரான இ.சி.யூ. அந்த இரண்டு சொல்லை வைத்தே ஓயாமல் கூட்டிக் குறைத்து நடுவில் நிற்கிறார். வைடுபேண்ட் சென்சார் வேறு ரகம். ஒரு கிண்ணத்தில் சாம்பாரைத் தனியே எடுத்து, ருசி சரியாகும்வரை உப்போ வெந்நீரோ சேர்த்து, எத்தனை கரண்டி ஆயிற்று என்று கணக்குச் சொல்வார். கிண்ணம் என்பது புகை கசிந்து நுழையும் சிறு அறை. கரண்டி என்பது அந்த அறைக்குள் ஆக்சிஜனைத் தள்ளவும் வெளியே இழுக்கவும் செலவாகும் மின்னோட்டம். கரண்டியைப் பிடிக்கும் கையோ இ.சி.யூ.வின் மின்சுற்று. அந்தச் சுற்று இல்லாத இ.சி.யூ.வில் வைடுபேண்டை நேரே செருகினால் ருசி பார்ப்பவரின் கையைக் கட்டிப்போட்டதாகிவிடும். ‘வைடுபேண்ட் போட்டால் எல்லாம் தீரும்’ என்ற விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

ஒயர்களை எண்ணிப் பொருத்தினால் போதாதா என்பார்கள். டொயோட்டா கார்கள் பலவற்றில் வரும் காற்று-எரிபொருள் சென்சாருக்கும் நான்கு ஒயர்தான், சாதாரணச் சென்சாருக்கும் நான்குதான். வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. ஜீப் செரோக்கி இன்னும் தெளிவான சாட்சி. 1987 முதல் 1990 வரை வந்த அதன் 4.0 லிட்டர் எஞ்சினின் ரெனிக்ஸ் இ.சி.யூ. டைட்டானியா சென்சாரை எதிர்பார்க்கிறது. டைட்டானியா மின்னழுத்தம் எதையும் உண்டாக்காது. அதன் மின்தடைதான் மாறும். 1991 முதல் வந்த எஞ்சினுக்கு அதே கொள்ளளவு, ஆனால் சிர்கோனியா சென்சார். புது எஞ்சினைப் பழைய ஜீப்பில் ஏற்றி ரெனிக்ஸ் ஒயரிங்கையே வைத்துக்கொண்டால் மாட்டவேண்டியது டைட்டானியாதான். எதை மாட்டினாலும் வண்டி ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். ஓடும். தன் நினைவிலுள்ள அட்டவணைப்படி ஊற்றியபடி ஓடும். அல்லது பொய்த் தகவலை நம்பி அதிகமாக ஊற்றி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்தபடி ஓடும்.

இனம் ஒன்றாக இருந்தால் ஒயர் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம். ஒற்றை ஒயர் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பேசும். எஞ்சினிலிருந்து தள்ளி மாட்டினால் ஐட்லிங்கில் குளிர்ந்துவிடும். அங்கே அதே இனத்தில் ஹீட்டர் உள்ளதை மாட்டி, இக்னிஷன் போட்டதும் வரும் மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக ஹீட்டருக்குக் கொடுக்கலாம். இணைக்கும்போது சால்டர் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் உறைக்குள் இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாகத்தான் இழுக்கின்றன. உருகிய ஈயம் அதை அடைத்தால் பீங்கானின் வெளிக்காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜன் குறைந்து, மின்னழுத்தமும் தாழும். கிரிம்ப் செய்து இணையுங்கள். கனெக்டருக்குள் கிரீஸும் தடவ வேண்டாம்.